வியட்நாம்–கம்போடியா பண்பாட்டுச் சுற்றுலா: சிறு குழுவாகச் செல்ல நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மத்திய வியட்நாமில் சாம் மக்களின் பழைய சம்பா அரசு எழுப்பிய கோயில்களையும், கம்போடியாவின் பெரும்பான்மை இனமான கெமர் மக்களின் பழைய பேரரசுத் தலைநகராக இருந்த அங்கோர் பகுதியையும் இணைத்து, வழிகாட்டியுடன் சிறு குழுவாகச் செல்லும் பயணங்கள் தமிழகத்திலிருந்து இப்போது மிகுதியாக நடக்கின்றன. அத்தகைய குழுக்களை ஒருங்கிணைத்துவரும் என்னிடம் ஏறக்குறைய எல்லோரும் ஒரே ஐயங்களையே எழுப்புவதால், அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன்.

சிறு குழுன்னா எத்தனை பேர்? எட்டா, இருபதா?

சட்டப்படியான வரையறை எதுவும் இல்லை. நடைமுறையில் எட்டு முதல் பதினான்கு பேர் வரை உள்ளதைச் சிறு குழு என்கிறார்கள். இருபது பேரைச் சேர்த்துவிட்டுச் சிறு குழு என்று விளம்பரம் செய்பவர்களும் உண்டு என்பதால், பணம் கட்டுவதற்கு முன் அதிகபட்ச எண்ணிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குறைந்தபட்ச எண்ணிக்கையையும் கேளுங்கள். அத்தனை பேர் சேராவிட்டால் பயணம் ரத்தாகுமா, அப்படி ரத்தானால் பணம் எப்போது திரும்பும் என்பதும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும்.

பெரிய குரூப்பை விட விலை அதிகமா இருக்கே, அப்படி என்னதான் கூடுதலா கிடைக்கும்?

ஓர் இடத்தில் நிற்பதற்கான நேரம் கிடைக்கும். அங்கோர் வாட்டின் கிழக்குத் திருச்சுற்றில், தென்பாதிச் சுவரில், பாற்கடல் கடையும் காட்சி ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் அசுரர்கள், மறுபக்கம் தேவர்கள், நடுவில் ஆமையின் மீது மந்தர மலை, அதன் முன்னே திருமால், மேலே ஆடியபடி பறக்கும் அப்சரஸ்கள், கீழே சுழலில் அறுபட்டுக் கிடக்கும் மீன்களும் முதலைகளும். நாற்பது பேர் கொண்ட குழு வந்தால், முன்வரிசையில் நிற்பவர்களுக்குத் திருமால் தெரிவார். பின்னால் நிற்பவர்களுக்கு முன்னிருப்பவரின் தொப்பிதான் தெரியும். மீன்களை யாரும் பார்ப்பதில்லை.

பத்துப் பேராகச் சென்றால், வழிகாட்டி அதே திருச்சுற்றின் வடபாதிக்கும் அழைத்துச் செல்வார். அங்கே அசுரர்களைத் திருமால் வெல்லும் காட்சி இருக்கிறது. ஆனால் அது 12ஆம் நூற்றாண்டு வேலை அன்று. வெறுமையாக விடப்பட்டிருந்த சுவரில் 16ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டது. உடல்கள் விறைத்து நிற்பதையும், உளி ஆழம் குறைந்திருப்பதையும் சில நிமிடங்களில் உங்கள் கண்ணே கண்டுகொள்ளும். அங்கோர் வாட் கட்டி முடித்து அப்படியே கைவிடப்பட்ட ஒரு கோயில் என்ற எண்ணம் அந்த இடத்திலேயே மாறிவிடும். கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது இதுதான். எண்ணிக்கை மட்டும் சிறியதாக இருந்து, நாளொன்றுக்கு ஏழு இடங்கள் என்று திட்டம் போட்டிருந்தால், கூடுதல் பணம் கொடுப்பதில் பொருள் இல்லை.

எத்தனை நாள் வேணும்? ஒரு வாரத்துல ரெண்டு நாட்டையும் முடிச்சிட முடியாதா?

முடியும், ஆனால் பாதி நேரம் விமான நிலையங்களில் போய்விடும். இரண்டு நாடுகளுக்கும் சேர்த்துப் பத்து முதல் பன்னிரண்டு நாள்கள் வைத்துக்கொள்வது நல்லது. மத்திய வியட்நாமின் தா நாங், ஹோய் ஆன், மி சோன் (சம்பா கோயில் தொகுதி), ஹுவே ஆகியவற்றுக்கு நான்கைந்து நாள்கள், சியம் ரீப் நகரில் தங்கி அங்கோர் பகுதிக்கு நான்கு நாள்கள், கம்போடியத் தலைநகர் புனோம் பென்னுக்கு ஒன்றரை நாள் என்பது சரியான அளவு. ஒரு வாரம்தான் விடுப்பு என்றால், ஒரே நாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர், ஏழு நாளுக்கு 72 டாலர் என 2017 முதல் இருந்துவருகிறது. மூன்று நாள் சீட்டைத் தொடர்ச்சியாகப் பயன்படுத்த வேண்டியதில்லை. பத்து நாள்களுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். இடையில் ஒரு நாள் ஓய்வு விடுவதற்கு இது வசதி. அந்த ஓய்வு நாளைத் திட்டத்திலேயே வைத்திருக்கும் குழுவில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

எந்த மாசம் போனா நல்லது? எல்லாரும் நவம்பர்னு சொல்றாங்களே.

கம்போடியாவுக்கு மட்டும் என்றால் நவம்பர் சரி. மழை ஓய்ந்து, வெயில் தணிந்திருக்கும். ஆனால் மத்திய வியட்நாமின் பெருமழைக்காலம் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நீளும். அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் தெருக்களில் ஆற்றுநீர் புகுந்து படகு ஓடுவது பல ஆண்டுகளில் நடந்திருக்கிறது. இரண்டையும் இணைக்கும் பயணத்துக்குப் பிப்ரவரி பிற்பகுதியும் மார்ச்சும்தான் ஏற்றவை. சந்திர நாள்காட்டிப்படி சனவரி மூன்றாம் வாரத்துக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையில் வரும் தெத் எனும் வியட்நாமியப் புத்தாண்டு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கடைகளும் பல உணவகங்களும் மூடியிருக்கும், பயணச்சீட்டும் கிடைக்காது.

ஏப்ரலில் கம்போடிய வெயில் கடுமை. ஆனாலும் கெமர் புத்தாண்டு நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வருகிறது என்பதால், அதைக் காண விரும்பிச் செல்பவர்களை நான் தடுப்பதில்லை.

விசா தொல்லையா? ஏஜென்ட் பார்த்துப்பாரா?

இரண்டு நாடுகளுக்கும் இணையவழி விசா உண்டு. முகவர் இல்லாமல் நீங்களே எடுத்துவிடலாம். இடறும் இடங்கள் இரண்டு. முதலாவது, வியட்நாமுக்குள் போய், கம்போடியா சென்று, திரும்பும் விமானத்துக்காக மீண்டும் வியட்நாமுக்குள் வருவதாக இருந்தால், ஒருமுறை நுழையும் விசா போதாது. பலமுறை நுழையும் விசாவைக் குறிக்க வேண்டும். பயண வரிசையைப் பார்க்காமல் விண்ணப்பித்துவிட்டுக் கடைசி வாரத்தில் தவிப்பவர்கள் பலர்.

இரண்டாவது, நம் பெயர்கள். தலைப்பெழுத்து, தந்தை பெயர், குடும்பப்பெயர்க் கட்டம் காலி என்று நம்மவர்களின் கடவுச்சீட்டுகள் பலவகையாக இருக்கின்றன. கடவுச்சீட்டின் புகைப்படப் பக்கத்தில், அடியில் உள்ள, இயந்திரம் படிப்பதற்கான இரண்டு வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ, அதே வரிசையில் விசாவிலும் விமானச்சீட்டிலும் இருக்க வேண்டும். கம்போடியாவுக்குப் புறப்படுவதற்கு முந்தைய ஏழு நாள்களுக்குள் வருகைப் படிவத்தையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். விசா இருந்தாலும் இது தனி.

நாங்க சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

தேவையில்லை. வியட்நாமில் பௌத்த மரபால் வந்த சைவ உணவகங்கள் ஊர்தோறும் உள்ளன. பெயர்ப்பலகையில் 'சாய்' என்று இருக்கும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் அங்கே சைவம் உண்பதால், அந்நாள்களில் தேர்வு இன்னும் அதிகம். ஹுவே நகரின் சைவச் சமையல் தனியாகத் தேடிச்சென்று உண்ணத் தக்கது. குழு அங்கே ஒரு வேளையாவது உட்கார வேண்டும்.

சிக்கல் குழம்பிலும் தொடுகறியிலும்தான். வியட்நாமில் மீன் சாறும், கம்போடியாவில் புளிக்கவைத்த மீன் விழுதும் காய்கறிக் கறியில்கூடச் சேரும். 'இறைச்சி வேண்டாம்' என்றால் மீன் சாறு வேண்டாம் என்று அவர்களுக்குப் புரியாது. உள்ளூர் வழிகாட்டி, உணவகத்துக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு நாளும் இந்திய உணவகம்தான் என்று வாக்குறுதி தரும் பயணங்களும் உள்ளன. வயதானவர்களுக்கு அது உதவும் என்பது உண்மை. ஆனால் ஒரு நாட்டின் பண்பாட்டைப் பார்க்கப் போய், அதன் அடுப்பை ஒருநாளும் பார்க்காமல் திரும்புவது எனக்கு வருத்தம் தருகிறது.

தமிழ்லயே விளக்குற கைடு கிடைப்பாரா?

தமிழ் பேசும் குழுத்தலைவர் உடன் வரலாம். ஆனால் இரு நாடுகளிலும் வழிகாட்டுவதற்கான அரசு உரிமம் அந்நாட்டுக் குடிமக்களுக்கே தரப்படுகிறது. எனவே அங்கோரில் விளக்குபவர் ஒரு கெமர் வழிகாட்டியாகத்தான் இருப்பார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, குழுத்தலைவர் தமிழில் எடுத்துரைப்பார். இந்த ஏற்பாடு பயணத்துக்கு நன்மையே செய்கிறது. அறுவடை, திருமணம், இறந்தோருக்குச் செய்யும் சடங்கு பற்றி அந்த மண்ணில் வளர்ந்தவர் சொல்வதை வேறொருவர் சொல்ல முடியாது. அவர் பேசி முடிக்குமுன் குழுத்தலைவர் குறுக்கிட்டு, தாமே விரிவுரை ஆற்றத் தொடங்கினால், பணிவாக நிறுத்தச் சொல்லுங்கள்.

அம்மா அப்பாவுக்கு எழுபது வயசு. படி ஏற முடியுமா?

நடை அதிகம். அங்கோர் வாட்டின் அகழி மட்டுமே 190 மீட்டர் அகலம். அதைக் கடந்த பிறகும் நடுக்கோயிலை அடைய நெடிய கல்பாதை உள்ளது. உச்சி அடுக்குக்குச் செல்லும் மரப்படிகள் மிகச் செங்குத்தானவை. அங்கே ஒரே நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரையே விடுகிறார்கள். பௌத்த விரத நாள்களில் மூடிவிடுவார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். மேலே ஏறாதவர்கள் இழப்பது குறைவுதான், ஏனெனில் மேலே சொன்ன திருச்சுற்றுச் சிற்பங்கள் எல்லாம் கீழேயே இருக்கின்றன.

முதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பந்தே சிரே. 967இல் குடமுழுக்கு கண்ட இந்தச் சிவன் கோயிலை அரசர் கட்டவில்லை. யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர் கட்டினார். தரைமட்டத்தில் இருப்பதால் ஏற வேண்டிய படிகள் மிகக் குறைவு. சிவந்த மணற்கல்லில் உள்ள நுண்வேலைப்பாடு கண்மட்டத்திலேயே நிற்கிறது. கயிலையை இராவணன் அசைக்கும் காட்சியை நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். காலை ஏழு முதல் பத்து வரை சுற்றி, நண்பகலில் அறைக்குத் திரும்பி, மூன்று மணிக்கு மேல் மீண்டும் கிளம்பும் நாள்திட்டம் எல்லா வயதினருக்கும் நல்லது.

மி சோன்ல இடிஞ்ச செங்கல்தான் இருக்காமே, அதுக்கு ஏன் ஒரு நாள்?

இடிந்ததற்கான காரணமே பார்க்க வேண்டியது. 4ஆம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற சம்பா அரசர் இங்கே பத்ரேசுவரர் என்று சிவனை நிறுவினார். 13ஆம் நூற்றாண்டு வரை கோயில்கள் எழுந்தவண்ணம் இருந்தன. 1969 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சு அவற்றில் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கியது. குண்டு விழுந்த பள்ளங்கள் இன்னும் புல் மூடிக் கிடக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை அங்கே சில கோயில் தொகுதிகளைச் சீரமைத்தது. அந்தப் பணியின்போது 2020இல் ஒரே கல்லாலான மணற்கல் லிங்கம் ஒன்று வெளிப்பட்டது.

செங்கல் சுவரின் அருகில் சென்று பாருங்கள். இரண்டு செங்கற்களுக்கு இடையே சாந்து இருப்பதே தெரியாத அளவுக்கு அவை ஒட்டியிருக்கின்றன. சிற்பம் சுவர் எழுந்த பிறகு அதன் மேலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. பழைய செங்கல் சிவந்து சுத்தமாக இருக்க, பிற்காலத்தில் பழுதுபார்க்க வைத்த செங்கல் பல இடங்களில் வெளுத்தும் பாசி படிந்தும் நிற்கிறது. இங்கிருந்த சிற்பங்களில் சிறந்தவை தா நாங் நகரின் சாம் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1919இல் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தை முதல் நாளும் மி சோனை மறுநாளும் பார்த்தால், வெறும் சுவரில் எது எங்கே இருந்திருக்கும் என்று மனம் தானே நிரப்பிக்கொள்ளும். இதைத் தலைகீழாக வைத்திருக்கும் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். சாம் மக்கள் மறைந்துபோனவர்களும் அல்லர். பான்ராங் பகுதியில் தங்கள் கோபுரங்களில் இன்றும் கேட் திருவிழா எடுக்கிறார்கள், பெரும்பாலும் அக்டோபரில்.

அங்கோர் வாட்டைச் சோழர்கள்தானே கட்டினாங்க?

இல்லை. கெமர் அரசர் இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டினார். கல் குலேன் மலையடிவாரத்திலிருந்து வந்தது. கட்டியவர்கள் அந்நாட்டு மக்கள். கெமர் பேரரசின் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலும் உள்ளன. பெரிய ஏரிகளையும் கால்வாய்களையும் கொண்ட நீர்ப்பாசன அமைப்பு, அடுக்கடுக்காக மலைபோல எழும் கோயில் வடிவம் ஆகியவை பல நூற்றாண்டுகளாக அங்கேயே வளர்ந்தவை. கோயில் மேற்கு நோக்கி நிற்பதைக்கூட அவர்களின் சிந்தனையைக் கொண்டுதான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

உண்மையான தொடர்பு வேறு. அதுவே போதிய பெருமை தருவது. கெமர் எழுத்து, பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்தது. காம்போச அரசர் இராசேந்திர சோழருக்குத் தேர் ஒன்றை அனுப்பியதைச் சோழர்காலக் கரந்தைச் செப்பேடு குறிப்பிடுகிறது. கடல் கடந்து நட்பு நாடிய இரண்டு அரசுகளின் உறவு இது. ஒருவர் மற்றவருக்குக் கோயில் கட்டிக் கொடுத்த கதை இதில் இல்லை.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கம்போடியக் கொடியின் நடுவில் இருப்பது அங்கோர் வாட். அந்நாட்டு வழிகாட்டியின் முகத்துக்கு நேரே 'இது எங்கள் அரசர் கட்டியது' என்று நம்மவர் சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார். அதன் பிறகு மனம் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். தஞ்சைப் பெரிய கோயிலை வேறு நாட்டார் கட்டினார்கள் என்று ஒரு விருந்தாளி நம்மிடம் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

அங்க இருக்கறது நம்ம சாமிதானே, சூடம் ஏத்தி, குங்குமம் வைக்கலாமா?

கூடாது. கைகூப்பி வணங்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் எண்ணெய், குங்குமம், கற்பூரம், தேங்காய் எதுவும் கல்லைத் தொடக் கூடாது. அங்கோர் வாட்டின் மேற்கு வாயிலில் நிற்கும் எட்டுக்கை திருமாலைக் கெமர் மக்கள் தங்கள் காவல்தெய்வமாக இன்றும் வழிபடுகிறார்கள். பட்டாடை சாத்தி, ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். அவர்கள் முறைப்படி ஊதுவத்தி ஒன்றை வாங்கி ஏற்றினால் அதில் தவறில்லை.

நம் முறைப்படியே வழிபட வேண்டுமென்றால், ஹோ சி மின் நகரில் தமிழ் வணிகர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் உள்ளது. இன்று அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். அம்மன் முன் அவர்கள் நிற்கும் பக்தியைப் பார்ப்பதற்காகவே அரைநாள் ஒதுக்கலாம்.

ராத்திரி டின்னரோட நடனம் காட்டுறாங்களே, அது போதுமா?

பந்தி உணவுக் கூடத்தில் தட்டுச் சத்தத்துக்கு நடுவே ஆடப்படும் நடனம் அந்தக் கலைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கெமர் ரூஜ் எனும் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் கலைஞர்களில் பெரும்பாலோர் மடிந்தார்கள். எஞ்சிய சில ஆசான்கள் நினைவிலிருந்து மீட்டுக் கற்பித்ததுதான் இன்றுள்ள அரசவை நடனம். நடனப் பள்ளியில் ஒரு காலைப் பயிற்சியைப் பார்க்க அனுமதி பெற்றுத் தரும் குழு கிடைத்தால் விடாதீர்கள்.

பெருந்தோல் நிழற்கூத்தும் தவறவிடக் கூடாதது. மாட்டுத்தோலில் செய்த ஆளுயர உருவத்தைக் கலைஞர் இரு கைகளாலும் தூக்கிப்பிடித்துக்கொண்டு தாமே ஆடுவார். நம் தோற்பாவைபோல அந்த உருவத்தில் கைகால் அசையாது. கதை இராமாயணத்தின் கெமர் வடிவம்.

சுற்றுலாவுக்குப் போய், புனோம் பென்ல சிறைச்சாலையைப் பார்க்கணுமா? பசங்களைக் கூட்டிப் போகலாமா?

நீங்கள் கேட்கும் அந்தச் சிறையான துவோல் ஸ்லெங் முன்பு ஒரு பள்ளிக்கூடம். 1975 ஏப்ரல் முதல் 1979 சனவரி வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் அது சித்திரவதைச் சிறையாக மாறியது. பெரியவர்கள் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து; முந்தைய பதிலில் சொன்ன கலைஞர்களின் இழப்பு முதல் சாலையோரப் பாட்டியின் மௌனம் வரை பலவும் அதன் பிறகே விளங்கும். பிள்ளைகளை வற்புறுத்த வேண்டாம். பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதே நேரத்தில் தேசிய அருங்காட்சியகத்தைக் காட்டும் மாற்று ஏற்பாடு இருக்க வேண்டும்.

காலையில் இங்கே சென்றால், பிற்பகலில் எந்த நிகழ்ச்சியும் வைக்கக் கூடாது. உங்கள் வழிகாட்டியின் குடும்பத்திலும் இழப்பு இருந்திருக்கலாம். அவராகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் துருவாதீர்கள். அங்கே மாட்டியிருக்கும் கைதிகளின் முகப்புகைப்படங்களின் முன் நின்று தற்படம் எடுக்காதீர்கள்.

கிராமத்துக்கு, அனாதை இல்லத்துக்கு எல்லாம் கூட்டிப் போவாங்களாமே?

கிராமத்துக்குச் செல்லலாம், அங்குள்ளவர்கள் அதை விரும்பி நடத்துவதாகவும் வருவாய் அவர்களைச் சேர்வதாகவும் இருந்தால். ஆதரவற்றோர் இல்லத்தைச் சுற்றுலாவில் சேர்த்திருந்தால் அந்தப் பயணத்தையே தவிர்த்துவிடுங்கள். பார்வையாளர்களின் நன்கொடைக்காகப் பெற்றோர் உள்ள பிள்ளைகளையே இல்லங்களில் வைத்திருந்த நிகழ்வுகள் கம்போடியாவில் வெளிவந்துள்ளன. கோயில் வாசலில் அஞ்சலட்டை விற்கும் சிறுவர்களிடம் வாங்குவதும் அவர்களைப் பள்ளியிலிருந்து விலக்கி வைக்கிறது. மனம் கேட்காதுதான், ஆனாலும் வாங்காதீர்கள்.

தனியா வர்ற பெண்ணுக்குப் பாதுகாப்பா? ரூம் ஷேர் பண்ணணுமா?

சிறு குழுவில் தனியாக வரும் பெண்கள் நிறையப் பேர். அறையைப் பகிர விருப்பமில்லை என்றால் தனியறைக்கான கூடுதல் கட்டணம் உண்டு. பகிரச் சம்மதித்தும் துணை கிடைக்காவிட்டால் அந்தக் கட்டணம் யார் தலையில் விழும் என்பதை முன்பே கேளுங்கள்.

தாய்லாந்து எல்லையில சண்டைன்னு செய்தி வந்துச்சே, போகலாமா?

2025 ஜூலையில் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் மோதல் வெடித்தது உண்மை. ஆண்டின் இறுதியில் அது மீண்டும் மூண்டது. சியம் ரீப் எல்லையிலிருந்து தள்ளியே இருக்கிறது. ஆனால் பிரே விகார் கோயில் எல்லையிலேயே நிற்கிறது; நிலைமை தெளியும்வரை அதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம். தாய்லாந்திலிருந்து தரைவழியாக நுழையும் திட்டங்களையும் ஏற்காதீர்கள். புறப்படும் வாரத்தில் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் பாருங்கள். தொலைவிலுள்ள கோயில்களில் பாதையை விட்டு விலகாமல் நடப்பதும் முக்கியம். பழைய போர்களின் கண்ணிவெடிகள் நாட்டின் சில பகுதிகளில் இன்னும் அகற்றப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

சொன்ன விலைக்கு மேல எவ்வளவு செலவாகும்?

அங்கோர் நுழைவுச்சீட்டு, உள்நாட்டு விமானம், விசா, வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் தரும் அன்பளிப்பு ஆகிய நான்கும் விலையில் அடங்குமா என்று கேட்டுவிட்டால் பெரும்பாலான தொகை தெளிவாகிவிடும். வெளிநாட்டுப் பயணத் தொகுப்புக்கு நிறுவனம் வருமான வரியின் ஒரு பகுதியை முன்கூட்டியே வசூலிக்கும். அதற்கான சான்றை வாங்கிவைத்து, வரித்தாக்கலின்போது கழித்துக்கொள்ளலாம். கம்போடியாவில் டாலர் எங்கும் செல்லும் என்றாலும், ஓரம் கிழிந்த நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள்.

விலை வியக்கும்படி குறைவாக இருந்தால், பட்டுக்கடை, மணிக்கல் கடை, மூங்கில்துணிக் கடை என்று வண்டி நிற்கும். அந்த நிறுத்தங்களின் தரகுதான் உங்கள் தள்ளுபடி. கடைக்குப் போவது தவறில்லை. அங்கே போகும் ஒவ்வொரு மணி நேரமும் இரண்டாம் பதிலில் சொன்ன சுவரின் முன் நிற்கும் நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது.

கடைசியா, நல்ல திட்டம்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நாள்வாரித் திட்டத்தை மணிக்கணக்குடன் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வண்டியில், எத்தனை மணி நேரம் காலூன்றி என்று கூட்டிப் பாருங்கள். உள்ளூர் வழிகாட்டி எல்லா நாள்களிலும் உடன் இருப்பாரா, அவருக்கு ஊதியம் நிறுவனம் தருகிறதா, கடைத் தரகை நம்பித்தான் அவர் பிழைக்க வேண்டுமா என்பதையும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் நிறுவனத்திடம் முன்பணம் கட்டலாம்.